ஆறடிப் பலகைக்கு ஓர் இடம்

மாத்தளை நகரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோர் மாநகர சபையின் வரைபடங்களைக் கேட்டுப் பார்க்கலாம். நில அளவையாளரின் பழைய கட்டுகளைப் புரட்டலாம். ஸைனம்பு அதனை வேறொரு வழியால் அறிந்தவர். எந்த வீட்டின் எந்த மூலையில், இறந்துபோன பெண்ணொருத்தியைக் கிடத்தி நீராட்ட இடமுண்டு என்பதே முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் நெஞ்சில் இருந்த வரைபடம். அவ்விடங்கள் ஒவ்வொன்றாய் மறைந்து வந்ததையே அவர் நகரத்தின் வளர்ச்சியாகக் கண்டார்.

இறந்தவரை மையித்து என்பது முஸ்லிம்களின் வழக்கு. ஆண் மையித்தை ஆண்களும் பெண் மையித்தைப் பெண்களும் நீராட்டி, வெள்ளைத் துணியிற் பொதிந்து, தொழுகை நடத்தி அடக்கம் செய்தல் வேண்டும். சிலராவது இதைச் செய்துவிட்டால் ஊரார் கடமை நீங்கும்; ஒருவரும் செய்யாவிடில் பழி ஊர் முழுவதையும் சாரும். அந்தச் சிலருள் ஒருவராக ஸைனம்பு ஆனது தற்செயலாகவே நேர்ந்தது.

1989ஆம் ஆண்டு ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்த ஒரு காலையில் அடுத்த வீட்டுப் பெண் இறந்தார். நீராட்டத் தெரிந்த பெண்கள் இருவரும் சுதுகங்கைக்கு அப்பால் இருந்தனர். பாலத்தைக் கடக்க எவருக்கும் அனுமதி இல்லை. ஸைனம்புக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கணவர் யாகூப் வாசனைத் திரவியக் களஞ்சியமொன்றில் மிளகும் கராம்பும் நிறுப்பவர். இறந்தவரின் மகள் அழுதுகொண்டே மார்க்கச் சட்டப் புத்தகத்தை உரக்க வாசிக்க, அதில் சொன்னவாறு ஒவ்வொன்றாக ஸைனம்பு செய்தார். வலப்புறம் முதலில், நீரை ஒற்றைப்படை எண்ணிக்கையில், இறுதி நீரிற் சிறிது கற்பூரம், கூந்தலை மூன்று பின்னலாக. உடம்பின் மீது போர்த்த துணி ஒருபோதும் விலகக் கூடாது. அன்று மாலைக்குள் தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அதன்பின் அழைப்பு வராத மாதம் இல்லை. அவர் இதற்குக் கூலி வாங்கியதில்லை. யாகூப் மறைந்தபின் தலையணை உறையும் பாடசாலைச் சீருடையும் தைத்தே வாழ்ந்தார்.

இப்பணிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நீராட்டியவர், அங்கே கண்ட குறை எதனையும் வெளியே சொல்லக் கூடாது. உடம்பின் குறையாயினும் வீட்டின் குறையாயினும் கண்டவர் காணாதவராகவே திரும்ப வேண்டும். ஸைனம்பு அதை இம்மியும் பிசகாமற் காத்தார். அதனாலேயே ஒரு கட்டத்தில் அவருக்கு இடர் வந்தது.

பள்ளிவாசலுக்குச் சொந்தமான பலகை ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உடையது. நீர் வடிவதற்கு நடுவே பள்ளமிட்டது. அதன் இருபுறமும் பெண்கள் நிற்க வேண்டும். நீர்க் கலங்கள் வைக்க வேண்டும். வடியும் நீர் செல்ல வழி வேண்டும். அந்நாளில் இது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கொக்கோவும் இறப்பரும் ரயிலேறுவதற்காக வெள்ளைக்காரர் காலத்திற் பெருத்த ஊர் அது. கடை முன்னே, வீடு நடுவே, கிணறும் முற்றமும் பின்னே என்று காணிகள் நீண்டு கிடந்தன. கிணற்றடியிற் பலகையை வைத்து நாற்புறமும் சேலை கட்டினால் வேலை முடிந்தது.

நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர், காணி பிள்ளைகள் நால்வருக்குப் பத்துப் பேர்ச்சாகப் பிரிந்தது. பேரப்பிள்ளைகள் காலத்திற் பிரிப்பதற்கு மண் இல்லாது போகவே, மாடியின் மேல் மாடி எழுப்பினார்கள். ஏ-9 வீதியை அகலித்தபோது முன்புறத்திற் பத்தடி போனது. போனதைப் பின்முற்றத்தில் ஈடுசெய்தார்கள். தம்புள்ளைச் சந்தையிற் பொருள் சேர்த்தவர்கள் வந்து காணி வாங்கினார்கள். பிள்ளைகளைப் படிப்பிக்கவென லக்கலப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மூன்றாம் மாடியில் வாடகைக்கு அமர்ந்தார்கள். கிணறு மூடப்பட்டபின் ஸைனம்பு வாகனக் கொட்டிலிற் பலகை வைத்தார். கொட்டில் கடையானபின் சமையலறைப் பின்வாசலில் வைத்தார். பின்வாசலுக்கு நேரே அடுத்தவன் சுவர் எழும்பியபின், பலகையைக் கைவிட்டுப் பாத்ரூமுக்குட் போனார். அங்கே என்னென்ன நேர்ந்தன என்பதை அவர் சொல்லவில்லை. ஆகவே இங்கும் அது எழுதப்படவில்லை.

ஆண்களுக்கு இந்த இடர் இல்லை. பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தடாகத்துக்கு அருகே அவர்களுக்கென ஒரு பழைய கொட்டில் இருந்தது. அங்கே பெண் மையித்தைக் கொண்டுபோக வேண்டுமாயின், தொழ வந்த ஆண்களின் வரிசையைக் கடந்தே போக வேண்டும்.

மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று மட்டும் ஊரறிந்தது, மறைத்தாலும் மறையாதது. நண்பகல் வேளை, மூன்றாம் மாடி வீடு, பாத்ரூமிற் குழாய்நீர் வரவில்லை. வேறு வழியின்றி மொட்டை மாடியிற் சேலை கட்டிப் பலகை வைத்தார்கள். கதவைத் திறந்து மேலே வந்தபோதுதான் பக்கத்துக் காணியில் ஐந்தாம் தட்டுக்குக் கொங்கிறீட் போட்டுக்கொண்டிருந்தவர்களை ஸைனம்பு கண்டார். பத்துப் பன்னிரண்டு பேர் சாரத்தின் மேல் நின்றார்கள். அவர்களுக்கு இந்தச் சேலை மறைப்பு ஒரு தொட்டில் போலத் திறந்து கிடந்தது. ஸைனம்பு அங்கிருந்தே கைகூப்பி, சிங்களத்தில், "மகத்தயா, இங்க ஒரு மரணம். கொஞ்ச நேரம்" என்றார். தலைமை மேசன், பாஸ் என்று எல்லோரும் அழைக்கும் முதிய சிங்களவர், கலவை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பின்பு தம் ஆட்கள் அனைவரையும் மறுபுறம் திரும்பி நிற்கச் செய்து, தாமும் திரும்பி நின்றார். ஈரக் கொங்கிறீட் இறுகத் தொடங்கியும் நாற்பது நிமிடம் அப்படியே நின்றார்கள்.

அன்று மாலை ஸைனம்பு வீடு திரும்பினார். அவர் இருந்ததும் மூன்றாம் மாடியில்தான். பிளாஸ்டிக் பொருள் விற்கும் கடையொன்றுக்கு மேலே இரண்டு அறைகள். உடன் இருந்தவர் மூத்த சகோதரி அபீபா. மூத்த சகோதரியைத் தாத்தா என்பது இலங்கை முஸ்லிம்களின் வழக்கு. அபீபாவுக்கு இருதயம் பலவீனம். படி ஏறக் கூடாதென்று மருத்துவர் சொன்னதால் இறங்குவதையும் விட்டுவிட்டார். ஓராண்டாகத் தெருவை அவர் ஜன்னல் வழியாகவே கண்டார்.

"எங்க வெச்சுக் குளிப்பாட்டின?" என்று அபீபா கேட்டார்.

"வீட்டுல தான் தாத்தா."

"வீட்டுலயா, வீட்டுக்கு மேலயா? ஹுஸ்னி வந்து எல்லாம் சென்னான்." ஹுஸ்னி, காலஞ்சென்ற தம்பியின் மகன், கீழ்த் தெருவில் முச்சக்கர வண்டி ஓட்டுபவன்.

ஸைனம்பு கற்பூர மணம் வீசிய கையைக் கழுவினார்.

"என்ன அங்க ஏத்தாத ஸைனம்பு. உசிரோட ஈக்கக்குள்ளயே அந்த ஸ்லாப்புல உடுப்புக் காயப்போட வெக்கப்பட்டவ நான்."

"வாய மூடுங்க தாத்தா. ஒங்களுக்கு ஒண்டும் ஆகாது."

"ஆகாம? நான் என்ன ஏ-நைன் றோட்டா, வருஷா வருஷம் அகலமாகிட்டே ஈக்க? கீழ, மண்ணுக்குக் கிட்ட, ஒத்தரும் பாக்காத எடத்துல. வாக்குத் தா."

ஸைனம்பு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு இடம் இல்லை. பொய் வாக்குக் கொடுத்துப் பழக்கமும் இல்லை.

மறுவாரம் அவர் பாறூக் ஹாஜியாரின் இரும்புக் கடைக்குச் சென்றார். ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவர். பள்ளிவாசலின் பின்புறத்தில், சிறு தெருவான ஒழுங்கையை நோக்கிய பன்னிரண்டு பேர்ச் நிலத்திற் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது எழுந்திருந்தது. பெண் மையித்துகளுக்கு அங்கே ஓர் அறை வேண்டும் என்று ஸைனம்பு கேட்டார்.

"ஸ்லாப்புல நடந்தது எனக்கும் மனசுக்குச் சரியில்ல தங்கச்சி" என்றார் ஹாஜியார். "ஆனா அது ஒரு தடவ. ஒரு தடவ நடந்ததுக்கு ஒரு அறை கேட்டா கூட்டத்துல மத்தவங்க என்ன சொல்லுவாங்க? வேற எந்த வீட்டுல, என்ன நடந்திச்சு? சொல்லுங்க, நான் எடுத்துப் பேசுறேன்."

"சொல்ல ஏலா ஹாஜியார்."

"சொல்லாம நான் எப்பிடிப் பேசுற?"

"கண்டதச் சொல்லக் கூடாது எண்டு ஒங்களுக்கும் தெரியும்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அதுவும் சரி தான்" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

சாட்சி சொல்லவும் கூடாது, சாட்சியின்றி எவரும் நம்பவும் மாட்டார் என்ற நிலையில் ஸைனம்பு இரண்டு நாள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். மூன்றாம் நாள், துணி அளக்கும் நாடாவைக் கழுத்திற் போட்டுக்கொண்டு படி இறங்கினார். இறந்தவர்களைப் பற்றித்தானே பேசக் கூடாது; சுவர்களைப் பற்றிப் பேசலாம் அல்லவா? வீடு வீடாகச் சென்று குளியலறையையும் முற்றத்தையும் அளந்தார். ஒரு பாடசாலைக் கொப்பியில், பெயர் எதுவும் எழுதாமல், வீட்டுக்கு ஒரு வரியாக நீளமும் அகலமும் மட்டும் குறித்தார்.

"என்ன தாத்தா, பாத்ரூமுக்கும் திரை தைக்கப் போறீங்களா?" என்று நிஷ்மியா என்ற இளம் மருமகள் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"இல்ல மகள். ஒன்னக் கிடத்த எடம் ஈக்கா எண்டு பாக்குறேன்."

"அல்லாஹ்வே! நேத்துத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்த!"

"வந்தவங்க எல்லாரும் போகத்தானே வேணும். அந்தக் கதவக் கொஞ்சம் சாத்து, அளவு பிழைக்குது."

சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்து, உயிரோடிருக்கும் வீட்டிற் சாவை அளக்கலாமா என்றார்கள். ஒரு பெண் நாடாவைக் கண்டதும் கதவை மூடினாள்; மறுநாள் தானே தேடி வந்து, தன் வீட்டையும் அளக்கும்படி கேட்டாள். இரண்டு வாரத்தில் நாற்பத்து மூன்று வீடுகள் அளந்து முடிந்தன. பலகையும் இருபுறம் நிற்கும் பெண்களும் கொள்ளக்கூடிய வீடுகள் பதினொன்று மாத்திரமே.

அந்தக் கொப்பி கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. பெயர் இல்லாத அளவுகளைக் கேட்ட ஒவ்வொருவரும் அவற்றுள் தம் வீட்டைத் தேடினார்கள் என்று ஹாஜியார் பிற்பாடு சொன்னார். புதுக் கட்டடத்திற் பெண்களுக்கான நீராட்டும் அறை, பத்தடிக்கு எட்டடி, என்று தீர்மானம் எழுதப்பட்டது.

"எடம் கிடைச்சிட்டு தாத்தா" என்று ஸைனம்பு வந்து சொன்னார்.

"எப்ப முடியும்?"

"வாற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி எண்டாங்க."

"அப்ப நான் அதுவரைக்கும் தாங்கோணும்" என்றார் அபீபா. "மருந்தும் குடிச்சு, இந்தக் கட்டடத்துக்கும் காவல் இருக்கோணுமா நான்? வேல கூடிட்டு." ஆயினும் அன்று முதல் மாத்திரையை மறவாமல் விழுங்கினார்.

அத்திவாரம் வெட்டினார்கள், தூண்கள் எழுந்தன. வேலையை ஏற்றவர் அன்று திரும்பி நின்ற அதே பாஸ். கீழ்த் தட்டின் சுவர்கள் இடுப்பளவுக்கு வந்தபோது ஸைனம்பு போய்ப் பார்த்தார். ஒழுங்கையை நோக்கி ஒரே அளவான நான்கு வாசல்கள், பின்னால் வாகனம் நிறுத்தும் வெளி, ஓரத்தில் மாடிப்படி.

"பாஸ் உன்னஹே, எங்கட அறை எங்க?" என்று சிங்களத்திற் கேட்டார்.

பாஸ் கையிலிருந்த கரண்டியை உயர்த்தி வானத்தைக் காட்டினார். முதலாம் மாடி.

ஸைனம்பு நேரே கட்டடத்துக்குப் படம் வரைந்தவரிடம் சென்றார். நிரூபன் என்ற அந்த இளைஞர் யாழ்ப்பாணத்தவர். தகப்பனார் மாத்தளையில் அரச உத்தியோகம் பார்த்ததால் இங்கேயே தங்கியவர். படச் சுருளை மேசையில் விரித்து, சொன்னதைக் கேட்டபின் தலையிற் கைவைத்தார்.

"அம்மா, பெண்கள் பகுதி மேல எண்டு அவை எழுதித் தந்தவை. தொழுகை அறை மேல, மத்ரஸா மேல. இதுவும் பெண்களுக்குத்தானே எண்டு நானும் மேல கீறிப்போட்டன்."

"மையித்த எப்பிடித் தம்பி மேல ஏத்துற?"

"அதை நான் யோசிச்சிருக்க வேணும். எங்கட ஆக்கள் முந்தி முத்தத்தில தான் குளிப்பாட்டுறவை. இப்ப முத்தம் இல்லை எண்டு சவத்தை மலர்ச்சாலைக்குக் குடுத்திடுறம், அவையே குளிப்பாட்டி அனுப்புவினம்." அவர் அளவுகோலை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். "கீழ கொண்டுவாறதெண்டா ஒரேயொரு வழிதான். நாலு கடையில ஒண்டை விட வேணும். பின்னால வாகனத்துக்கு விட்ட இடம் சபையின்ர சட்டம், தொடேலாது. நிர்வாகம் கையெழுத்து வைச்சா ஒரு கிழமையில திருத்திக் கீறித் தருவன்."

பிழை செய்தவர்கள் கெட்ட எண்ணத்தால் அதைச் செய்யவில்லை. பெண்களுக்குரியது மேல் தளம் என்பது அவ்வூர்ப் பள்ளிவாசல்களின் நெடுநாள் ஒழுங்கு. ஆண்களின் கண்ணுக்கும் காலுக்கும் அகன்ற இடம் என்பதே அதன் கருத்து. அந்த வழக்கத்தை அவர்கள் உயிர் பிரிந்தபின்னும் நீட்டிவிட்டார்கள்.

"மேல்தட்டு தானே தங்கச்சி பொம்பளைகளுக்கு மரியாத?" என்றார் ஹாஜியார்.

"உசிரோட ஈக்கிற பொம்பள ஏறுவா ஹாஜியார். மௌத்தான பொம்பள எப்பிடி ஏறுவா?"

"பொறகு ஒரு லிஃப்ட் போட்டாப் போச்சு."

"கரண்ட் இல்லாத நேரம் ஒத்தரும் மௌத்தாகக் கூடாது எண்டு போர்டும் போடுவீங்களா?"

கடையில் ஆணி வாங்க நின்றவர் சிரித்துவிட்டார். ஹாஜியார் சிரிக்கவில்லை. நான்கு கடைகளும் பேசி முடிந்துவிட்டன என்றும், ஒன்று தம் மருமகன் றினோஸின் தொலைபேசிக் கடைக்கென்றும், பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தாயிற்று என்றும் சொன்னார். மற்ற மூவரில் ஒருவரை விலக்கினால் மருமகனுக்காக விலக்கினார் என்பார்கள். மருமகனை விலக்கினால் மகள் வீட்டிற் சோறு இறங்காது. அவர் சொன்னதும் உண்மையே.

அம்மாதம் அபீபாவின் கால்கள் வீங்கின. இரண்டு முறை ஹுஸ்னி அவரை நாற்காலியோடு சுமந்து இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். இரண்டாம் முறை திரும்பி வந்தபின் அவர் கட்டடத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினார். ஸைனம்பு மாடியைப் பற்றிச் சொல்லவுமில்லை.

இந்நிலையில் ஹாஜியாரின் மனைவி றுஸைனா, புது வீட்டுக்குத் திரை தைப்பதற்காக ஸைனம்புவை அழைத்தார். நான்கு தட்டு வீடு; ஒவ்வொரு தட்டிலும் பளிங்குபோன்ற டைல்ஸ். ஜன்னல்களை அளந்து முடிக்கும்போது றுஸைனா மெல்லக் கேட்டார்:

"ஊரெல்லாம் அளந்தீங்களாம். எங்கட வீட்ட ஏன் அளக்கல்ல?"

"நான் அளந்த நேரம் நீங்க குடி வரல்லயே."

"எங்களுக்கு நாலு பாத்ரூம் ஈக்கி தாத்தா. ஒண்டாவது சரிவராதா?"

"அளக்கட்டா?"

"நாடா வேணாம்" என்றார் றுஸைனா. ஐம்பது வயதைக் கடந்த, கனத்த உடம்புடைய அவர், கூடத்தை அடுத்திருந்த குளியலறைக்குட் சென்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தரையில் மல்லாந்து படுத்தார். தலை கைகழுவும் தொட்டியின் கீழ் போனது. ஒரு தோள் கழிவறைக் கோப்பையில் இடித்தது. முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் வாசலைத் தாண்டிக் கூடத்தில் நீட்டிக் கிடந்தன.

ளுஹர் தொழுகை முடித்துச் சோற்றுக்கு வந்த ஹாஜியாரும் மருமகன் றினோஸும் முதலிற் கண்டது அந்தக் கால்களை.

"றுஸைனா! விழுந்திட்டியா?"

"விழல்ல. மௌத்தாப் பெய்த்தன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப என்ன எங்க வெச்சுக் குளிப்பாட்டப் போறீங்க?"

"பைத்தியமா? எழும்பு, எழும்பு. மருமகன் பாக்குறாரு."

"அதத்தான் நானும் சொல்றேன். இண்டைக்கு மருமகன் பாக்குறாரு. அண்டைக்குக் கூடத்துக்கு வாற எல்லாரும் பாப்பாங்க. ஸைனம்பு தாத்தாவும் இன்னும் ரெண்டு பேரும் எங்க நிக்கிற? என்ட நெஞ்சுக்கு மேலயா?"

ஹாஜியார் ஸைனம்புவைப் பார்த்தார். ஸைனம்பு ஜன்னல் அளவை எழுதிக்கொண்டிருந்தார். றினோஸ் சுவரைப் பார்த்தபடி நின்றான். பின்பு, "மாமி, எழும்புங்க" என்றான். "எனக்கு அந்தக் கடை வேணாம்."

அவன் மனமுவந்து சொன்னதாக எவரும் கூற முடியாது. அன்று அவன் சோறு உண்ணாமற் போனான். மகளும் சில வாரம் தகப்பன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பின்னர் கலேவெலயில் ஒரு கடை எடுத்து, நாள்தோறும் பஸ்ஸில் போய் வந்தான். ஆனால் கையெழுத்து மறுநாளே கிடைத்தது. நிரூபன் சொன்ன தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே திருத்தப் படம் கொடுத்தார். நான்காம் வாசல் ஒழுங்கையிலிருந்து நேரே உள்ளே செல்லும் தனி அறையாயிற்று.

"கீழ தான் தாத்தா. மண்ணுக்குக் கிட்ட" என்று ஸைனம்பு சொன்னபோது அபீபா கண்ணைத் திறந்து, "முந்தி எங்க வெச்சிருந்தாங்க?" என்றார்.

"மேல."

அபீபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. "ஆம்பளைகள்ட புத்தி" என்றார். பிறகு, "இப்பவாவது வாக்குத் தருவியா?" என்று கேட்டார். ஸைனம்பு தந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து வாரம் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலை, சுபஹுத் தொழுகைக்குப் பின் அபீபா இறையடி சேர்ந்தார்.

அறைக்குக் கூரைத் தட்டு இருந்தது, சுவர் பூசப்படவில்லை. நிலத்திற் சீமெந்து மட்டும், டைல்ஸ் இல்லை. குழாய் இழுத்திருந்தார்கள், கதவு வரவில்லை. ஸைனம்பு ஹாஜியாருக்கு அழைப்பெடுத்தார். ஹாஜியார், "முடியாத அறை தங்கச்சி, எங்கட வீட்டுக் கூடத்துல திரை கட்டி வெப்பமே" என்றார். "இல்ல ஹாஜியார். நான் வாக்குக் குடுத்தீக்கேன்" என்றார் ஸைனம்பு.

ஹுஸ்னியும் உறவினர் மூவரும் அபீபாவைப் போர்வையோடு தாங்கி, மூன்று தட்டுப் படியையும் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்று இறக்கினார்கள். அவர்கள் இறங்கி முடியும்வரை பிளாஸ்டிக் கடைக்காரர் தம் கடையின் முன் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வாடிக்கையாளரை உள்ளேயே நிறுத்தி வைத்தார். ஒழுங்கையில் பாஸ் தம் ஆட்களைக் கொண்டு, கொங்கிறீட்டுக்குத் தாங்கு கொடுக்கும் பலகைகளை நிலைக்கு ஏற்ப அறுத்து, கீல் வைத்து, ஒரு கதவு அடித்திருந்தார். ஜன்னல் துவாரத்தைத் தகரத்தால் மூடியிருந்தார். அதைச் செய்யும்படி அவருக்கு எவரும் சொல்லவில்லை. மரணச் செய்தி மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

கதவு சாத்தப்பட்டபின் உள்ளே ஐந்து பெண்கள். றுஸைனா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நீர் ஊற்ற முன்வந்தார். இலந்தை இலை கலந்த நீர் முதலில். தூய நீர் பின்பு. கற்பூர நீர் இறுதியில். ஸைனம்பு தம் சகோதரியின் கூந்தலை மூன்றாகப் பின்னினார். பலகையைச் சுற்றி வர இடம் இருந்தது. எவருடைய முழங்கையும் எவர் மீதும் இடிக்கவில்லை. வெளியே ஒழுங்கையிற் பேச்சுக் குரல்கள் கேட்டன. உள்ளே எவர் பார்வையும் படவில்லை. நீராட்டியவர் கண்டதைச் சொல்லலாகாது என்ற விதி, தம் உடன்பிறந்தவருக்கும் பொருந்தும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி ஸைனம்பு அதற்கு மேல் எவரிடமும் பேசியதில்லை.

வெள்ளைத் துணியிற் பொதிந்த உடலை ஆண்கள் சந்தூக்கு என்னும் பெட்டியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்றார்கள். பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஸைனம்பு மட்டும் பின்தங்கி, பலகையைக் கழுவிச் சுவரிற் சாத்தி, தரையில் எஞ்சிய நீரைத் துடைப்பத்தால் வாரினார். நீர் வடிகாலை நோக்கிப் போகவில்லை. இடப்புற மூலையிற் குளமாகத் தேங்கி நின்றது. இரண்டு முறை வாரித் தள்ளியும் திரும்பி அங்கேயே வந்தது.

அவர் பலகைக் கதவைத் திறந்து பாஸை அழைத்தார். சிங்களத்திற் சொன்னார்:

"இந்த மூலையில தண்ணி நிக்குது. டைல்ஸ் பதிக்கிறதுக்கு முந்தி ஒரு அங்குலம் சரிவு கூட்டோணும்."

பாஸ் குந்தியிருந்து நீர்மட்டக் கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேலை வேண்டாம் நோனா, மரண வீடு அல்லவா? திங்கட்கிழமை கொத்திச் சரிபண்ணுகிறேன்" என்றார்.

"திங்கள் வரைக்கும் ஊருல ஒத்தரும் மௌத்தாக மாட்டாங்க எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஸைனம்பு கேட்டார்.

பாஸ் எழுந்து, உளியும் சுத்தியலும் எடுத்துவர ஆள் அனுப்பினார். ஸைனம்பு வாசலிற் கவிழ்ந்து கிடந்த சீமெந்து வாளியொன்றின் மேல் அமர்ந்து, அந்த மூலை கொத்தி முடியும்வரை இருந்து பார்த்தார்.